திருமூர்த்தியின் மூன்று லிட்டர்

வேலாங்காட்டூரில் கார்களுக்குத் தூக்கம்தான் எரிபொருள். அசந்து தூங்கினால் மணிக்கு ஒரு லிட்டர் சேரும். கோழித் தூக்கத்தில் கால் லிட்டர் தேறுவதே பெரும்பாடு. ஊரில் இரண்டு பங்க் இருக்கின்றன. இரண்டிலும் வரிசையாகக் கயிற்றுக் கட்டில் போட்டிருப்பார்கள். தலையணைக்குள் செருகிய ரப்பர் குழாயின் மறுமுனை வண்டியின் டேங்குக்குள் போகும். படுத்து, தூங்கி, எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுக்க வேண்டியதுதான். அவசர வேலையாகப் போகிறவர்கள் அங்கே அவசர அவசரமாகத் தூங்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வண்டிக்குள் தூங்கினாலும் கணக்கு அதேதான். சீட்டில் தலை சாய்ந்து கண் அயர்ந்தால் போதும், தூக்கம் தானாக டேங்கில் இறங்கிவிடும். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்கள், மாமனாரும் மாமியாரும் பின்சீட்டில் வாய் பிளந்து தூங்கிய புண்ணியத்தில், கிளம்பியதைவிட நிறைந்த டேங்கோடு வீடு திரும்புவதுண்டு.

இந்த ஊரின் மோட்டார் கழகம் ஆடி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு நட்புமுறைச் சிக்கனப் போட்டி நடத்துகிறது. பழைய காரும் வரலாம், புதிய காரும் வரலாம். ஊர் எல்லையில் புறப்பட்டு, சின்னமடை செக்போஸ்ட் வரை ஐம்பத்தாறு கிலோமீட்டர் போய், அதே பாதையில் திரும்ப வேண்டும். சொந்தத் தூக்கத்தில்தான் ஓட்ட வேண்டும். இடையில் யாரும் தூங்கக் கூடாது. குறைவாகக் குடித்த வண்டிக்கு முதல் பரிசு. நட்புமுறை என்றால் உண்மையாகவே நட்புமுறைதான். கலந்துகொள்ளாதவர்களின் காரையும், பாதியில் நின்றுபோகிறவர்களின் காரையும் கழகத்தார் வீடு தேடி வந்து, மாலை போட்டு, தள்ளிக்கொண்டு போய், டேங்கைச் சோப்பு நீர் விட்டுக் கழுவி, இனிமேல் ஓடத் தேவையில்லை என்று ஓய்வு கொடுத்துவிடுவார்கள். இதுவரை யாரும் இதைக் குறை சொன்னதில்லை. சொல்லப் போனவர்களுக்கும் மாலை போட்டிருக்கிறார்கள்.

அம்சவேணி ஏழு வருடங்களாக ஏதாவது காரணம் சொல்லிப் போட்டிக்கு வராமல் தப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் கால் சுளுக்கு, ஒரு வருடம் தறிக்கு மோட்டார் மாற்றுகிறார்கள், ஒரு வருடம் மாமியாரின் திதி. எட்டாவது வருடம் கழகச் செயலாளர் கிட்டுசாமி கையில் மாலையோடு நேராக வாசலுக்கே வந்துவிட்டார். டயர் கடை வைத்திருக்கிற மனிதர். குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

"பேரு குடுக்கறியா அம்மிணி, இல்லாட்டி மாலையைப் போட்டறட்டா?"

"பேரே குடுத்தர்றனுங்கண்ணா."

அவர் மாலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அம்சவேணி அதே இடத்தில் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு விசைத்தறி ஓடுகிறது. ஆறும் ஒரே நேரத்தில் ஓடும்போதுகூட அவளுடைய காலாட்டல் அதைவிட வேகமாக இருக்கும்.

விஷயம் டேங்கில் இருந்தது. கார் 1974-ஆம் வருடத்து வெள்ளைக் கார். எட்டு வருடங்களுக்கு முன்னால் அவள் கணவன் திருமூர்த்தி, தறிக்குச் சாமான் வாங்க சூரத்துக்குக் கிளம்பிய அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் காரின் பின்சீட்டில் மூன்று மணி நேரம் தூங்கினான். எழுந்தான், தலை வாரினான், எட்டே நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். எட்டு நாள் எட்டு வருடமாயிற்று. கடிதம் இல்லை, போன் இல்லை. அவன் விட்டுச் சென்ற மூன்று லிட்டர் மட்டும் டேங்கின் அடியில் கிடக்கிறது.

தூக்கம் பெட்ரோல்போல் கலந்துவிடாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கும். மேலே கிடப்பது முதலில் எரியும், அடியில் கிடப்பது கடைசியில். அம்சவேணி தான் தூங்குகிற ஒன்று, ஒன்றரை லிட்டரை மேலே ஊற்றி, அதற்குள் சந்தைக்குப் போய்த் திரும்பிவிடுவாள். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் டேங்கின் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில், மூன்று லிட்டருக்கு நேராக ஒரு சிவப்பு நூலைக் கட்டியிருந்தாள். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட மட்டம் நூலைத் தொட்டதில்லை.

ஞாபகத்துக்காக அவள் அதைக் காப்பாற்றவில்லை. காரணம் வேறு. இறந்தவர்களின் தூக்கம் எரியாது. ஆள் எங்கே இறந்தாலும் சரி, அந்தக் கணமே அவருடைய தூக்கம் டேங்கின் அடியில் மெழுகாக இறுகிவிடும். வேலாங்காட்டூரில் பல குடும்பங்களுக்குச் சாவுச் செய்தி கார் வழியாகத்தான் வந்திருக்கிறது. அரிசி மண்டிக்காரர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வண்டி வெட்டி நின்றது. அவர் இறங்கினார், டேங்கைத் திறந்து பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்தார், நேராக வாய்க்காலுக்குப் போய்த் தலை முழுகினார். மும்பையில் இருந்த அவர் தம்பியைப் பற்றிய தகவல் மறுநாள்தான் வந்தது.

ஆக, நூலைத் தாண்டினால் தெரிந்துவிடும். வண்டி ஓடினால் திருமூர்த்தி இருக்கிறான். நின்றால் இல்லை. எட்டு வருடமாக அம்சவேணி நூலுக்கு மேலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். தெரிந்துகொள்ளவும் பயம், தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. படுத்தால் புரளுவாள், உட்கார்ந்தால் காலாட்டுவாள், சாப்பிடும்போது எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு எங்கிருந்து லிட்டர் சேரும்?

போட்டிக்கு முந்திய ஒரு வாரமும் பங்க்கில் போய்ப் படுத்தாள். கசகசா அரைத்துக் குடித்தாள். எருமைத் தயிர் சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டிலில் லாரிக்காரர் ஒருவர் படுத்த மாத்திரத்தில் அசந்து, விடிவதற்குள் எட்டு லிட்டர் ஊற்றிவிட்டுப் போவதைப் பார்த்து வயிறெரிந்தாள். ஏழு நாளில் ஏழு லிட்டர் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினான்கு கார்கள் ஊர் எல்லையில் நின்றன. புதிய கார்க்காரர்கள் தெம்பாக இருந்தார்கள். பல் டாக்டர் மோகனப்பிரியன் வாங்கியிருந்த கார் ஒரு கொட்டாவிக்கு இரண்டு கிலோமீட்டர் போகும் என்று பேச்சு. அவருடைய மச்சானும் அதே மாதிரி ஒரு காரில் பக்கத்திலேயே நின்றார். இருவரும் போன வருடம் சமமாக வந்து, அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில்கூட ஒன்றாக உட்காரவில்லை.

கிட்டுசாமி அளவுக் குச்சியை அம்சவேணியின் டேங்கில் விட்டு எடுத்தார்.

"பத்துனு காட்டுது அம்மிணி. பழைய கார் லிட்டருக்குப் பன்னெண்டுக்கு மேல குடுக்காது. நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர் போகோணும்."

"தெரியுமுங்க."

"பத்தும் உன்னோடதுதானா?"

"எங்க வீட்டோடதுங்க."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கழக விதிகளில் கணவன் மனைவி தூக்கம் ஒன்றாகவே கருதப்படும். டேங்கு மூடிக்கு மேல் கையெழுத்திட்ட காகிதத்தை ஒட்டினார்.

அம்சவேணி மனசுக்குள் போட்ட கணக்கு சுருக்கமானது. தன்னுடையது ஏழு லிட்டர். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் வாங்கிவிட்டால் நூலைத் தொடாமலே திரும்பிவிடலாம். பின்சீட்டைக் கழற்றினால் திருமூர்த்தி படுத்த இடம் போய்விடுமே என்று அதை மட்டும் விட்டுவிட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்திருந்தாள். கை வளையலையும் கழற்றியிருந்தாள். அது எடைக்காக அல்ல. சத்தம் கேட்டால் டேங்கில் இருக்கிற தூக்கம் விழித்துக்கொள்ளும்; விழித்த தூக்கம் சரியாக எரியாமல் வீணாகப் புகையும். அதனால்தான் போட்டி நாளில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பாதையோரத்து ஊர்களில் கோயில் ஒலிபெருக்கியை இறக்கி வைத்துவிடுவார்கள். நாய்களுக்கு அன்று காலையிலேயே வயிறு நிறையச் சோறு போட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு காரிலும் கழகத்தின் சார்பில் ஒரு பார்வையாளர் ஏறுவார். அம்சவேணியின் காரில் ஏறியவர் கணக்கு ஆசிரியை ஜெசிந்தா டீச்சர். வழியில் தூங்கிவிடாமல் இருப்பதற்காகத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அனுபவமுள்ள யாரையாவது கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்.

வண்டி கிளம்பியது. அம்சவேணி ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தது முட்டைமேல் வைத்ததுபோல் இருந்தது. முதல் இருபது கிலோமீட்டர் கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கியதே தெரியவில்லை. காற்றாலைகள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவளுடைய இடது கால் மட்டும் சும்மா இருக்காமல் தரையைத் தட்டிக்கொண்டே வந்தது.

"அந்தக் காலைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்," என்றார் டீச்சர், தாளிலிருந்து தலை தூக்காமல். "டேங்குக்குக் கேக்கும்."

அம்சவேணி இடது காலை வலது காலால் மிதிக்க முடியாதே என்று வருத்தப்பட்டாள். அதற்குப் பதிலாகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சின்னமடை செக்போஸ்ட்டைச் சுற்றித் திரும்பும்போது நான்கு லிட்டர் போயிருந்தது. மூன்றரைதான் போயிருக்க வேண்டும். அந்த அரை லிட்டர் எங்கே போனது என்று யோசித்ததில் இன்னும் கொஞ்சம் போனது. எதிரே பல் டாக்டரும் மச்சானும் வந்துகொண்டிருந்தார்கள். வந்துகொண்டிருந்தார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. இரண்டு கார்களும் பக்கம் பக்கமாக, ஒருவரையொருவர் முந்தினால் கூடுதலாகக் குடித்துவிடும் என்று, மாட்டுவண்டிக்கும் வழிவிட்டு ஊர்ந்தன. இருவரும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு செம்மறி ஆட்டு மந்தை பாதையைக் கடந்தது. ஆடு மேய்ப்பவர் அம்சவேணியைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டி, தன் ஆடுகளையும் சத்தம் போட வேண்டாம் என்று அதட்டினார். அவை சத்தம் போடவில்லை, அவசரமும் படவில்லை. நின்று, மறுபடி கிளம்பியதில் மட்டம் மளமளவென்று இறங்கியது. தொண்ணூறாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது சிவப்பு நூலுக்கு மேல் அரை லிட்டர்தான் இருந்தது. போக வேண்டியது இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர். கணக்கு டீச்சர் இல்லாமலே அவளுக்குக் கணக்குப் புரிந்தது.

அப்போதுதான் மட்டம் ஏற ஆரம்பித்தது.

முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். இல்லை. அரை லிட்டரில் நின்றது, மெல்ல மேலே போனது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். ஜெசிந்தா டீச்சர் பதினெட்டாவது விடைத்தாளை மடியில் விரித்தபடி, சிவப்புப் பேனாவைக் காதோரம் பிடித்தபடி, பின்சீட்டில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாணவன் எவனோ ஒரு புண்ணியவான், ஒரே கணக்கை நான்கு பக்கத்துக்குப் போட்டிருக்க வேண்டும்.

அம்சவேணி எதுவும் செய்யவில்லை. ஒரு கிலோமீட்டர் போனது. மட்டம் இன்னும் ஒரு கோடு ஏறியது. டீச்சர் நன்றாகத் தூங்குகிற ஜாதி. இப்படியே விட்டால் ஊர் எல்லை வரும்போது நூலுக்கு மேல் தாராளமாக நிற்கும். எழுப்பிவிட்டால்தான் ஆபத்து. தூங்கியது டீச்சர் என்பதால் டீச்சரும் வெளியே சொல்ல மாட்டார். திருமூர்த்தியின் மூன்று லிட்டர் அப்படியே கிடக்கும். அடுத்த வருடம் வேறு காரணம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கிலோமீட்டரும் போனது. அடுத்த வருடம் என்று நினைத்ததும் அவள் வருடங்களை எண்ண ஆரம்பித்தாள். அடுத்த வருடமும் கால் சுளுக்கு. அதற்கடுத்த வருடமும் மாமியார் திதி. அதே கட்டில், அதே புரளல், சாத்தியிருக்கிற கதவையே போய்ப் பார்ப்பது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நெற்றியில் பொட்டு வைக்கும்போது ஒவ்வொரு நாளும் கை ஒரு நிமிடம் நிற்கிறதே, அதுவும் அப்படியே. செத்தவளுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது கிலோமீட்டர் கல் வந்தது.

"டீச்சர்," என்றாள். "பதினெட்டாவது பையனுக்கு எவ்வளவு மார்க்குங்க?"

"ஆறு," என்றார் டீச்சர் கண் திறக்காமல். பிறகு திறந்தார். கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேர்மையான மனுஷி. குறிப்பேட்டை எடுத்து, பார்வையாளர் மூன்று கிலோமீட்டர் தூங்கினார், சேர்ந்தது கால் லிட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இது உங்க தூக்கம் இல்ல. எரிச்சுத் தீர்த்துட்டுத்தான் மேல போகணும். விதி அப்படி."

"எங்க எரிக்கறதுங்க?"

டீச்சர் வெளியே எட்டிப் பார்த்தார். பாதையோரம் ஒரு சோளக்களம் காலியாகக் கிடந்தது. அம்சவேணி வண்டியைக் களத்தில் இறக்கி, டீச்சரின் கால் லிட்டர் தீரும் வரை சுற்றினாள். ஒன்பதரைச் சுற்று வந்தது. டீச்சரின் தூக்கம் சுத்தமாக எரிந்தது, புகையே இல்லை. களத்துச் சொந்தக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல் எடுத்து வைத்தார். கடைசி அரைச் சுற்றுக்கு ஒரு கல்லை உடைத்து வைத்தார்.

மறுபடி பாதையில் ஏறினார்கள். தொண்ணூற்றெட்டாவது கிலோமீட்டரில் மட்டம் சிவப்பு நூலைத் தொட்டது.

வண்டி ஒரு தடவை இருமியது. முன்னால் ஒரு வெட்டு வெட்டியது. அம்சவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலது கை தானாகக் கழுத்துத் தாலிக்கொடிக்குப் போனது. இஞ்சின் இரண்டு முறை திணறியது, எதையோ விழுங்கியது. பிறகு ஓடியது.

சாதாரணமாக ஓடவில்லை. சைலன்சரில் ஒரு சத்தம் வந்தது. கர்ர் என்று இரண்டு இழுப்பு, மூன்றாவது இழுப்பின் கடைசியில் மெல்லிய விசில். அம்சவேணிக்கு அந்த விசில் தெரியும். கல்யாணமான முதல் வாரம் அதைக் கேட்டுத்தான், பால்காரர் வந்துவிட்டார் என்று எழுந்து எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"வண்டி ஓடுதே," என்றார் டீச்சர்.

"ஓடுதுங்க டீச்சர்."

"அப்ப அவரு..."

"இருக்காருங்க. உசுரோட இருக்காரு."

சொன்னதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு வருடத்துப் பாரம் இறங்கிய மாதிரி தோள் தளர்ந்தது. இருக்கிறான். எங்கேயோ ஓர் ஊரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான், சாப்பிடுகிறான், தலை வாருகிறான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குலதெய்வத்துக்கு ஒரு கிடா என்று வேண்டிக்கொள்ள வாயெடுத்தாள்.

ஒரு கிலோமீட்டர் அப்படிப் போனது. சைலன்சர் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டே வந்தது. கர்ர், கர்ர், விசில். கர்ர், கர்ர், விசில். ஒரு கவலை இல்லை அந்தச் சத்தத்தில். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இன்னொருத்தி காவல் இருக்கிற வீட்டில் படுத்திருக்கிற மனுஷனின் சத்தம். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குக் காது மடல் சூடாகியது. எட்டு வருடம். ஒரு போன். ஒரே ஒரு கார்டு. செத்துப் போயிருந்தால் மன்னித்திருப்பாளே!

"சந்தோஷம்தானே, அம்சவேணி?" என்று டீச்சர் கேட்டார்.

அம்சவேணி ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள். பிறகு ஹாரனில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. டேங்கில் இருந்த திருமூர்த்தியின் தூக்கம் திடுக்கிட்டு விழித்து, குழறி, கரும்புகையாக வெளியே போனது. இரண்டாவது கியரிலேயே ஐந்து கிலோமீட்டர் ஓட்டினாள். தேவையில்லாத இடத்தில் பிரேக் போட்டாள், மறுபடி சீறினாள். டீச்சர் விடைத்தாள்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விதிப்புத்தகத்தில் ஹாரனைப் பற்றித் தேடினார். அது மரபுதான், விதியில் இல்லை.

பதினான்கு கிலோமீட்டரில் மூன்று லிட்டரும் தீர்ந்தன. ஊர் எல்லைக் கோட்டை வண்டி தாண்டியதும் குழாயில் ஒரு சொட்டுகூட இல்லை. இஞ்சின் நின்றது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அளவெடுப்பு. கழகத்தின் முறை இதுதான்: போட்டி முடிந்தபின் ஓட்டுநர் தன் வண்டிக்குப் பக்கத்தில் கட்டிலில் படுத்து, காலையில் இருந்த மட்டம் வரும் வரை தூங்க வேண்டும். தலையணைக் குழாயில் ஒரு மீட்டர் பொருத்தியிருக்கும். திரும்ப எவ்வளவு ஊற்றினாரோ அவ்வளவு வண்டி குடித்ததாகக் கணக்கு. மட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து மணிக்கு மணி அடித்து எல்லோரையும் எழுப்பிவிடுவார்கள்.

கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு கட்டில்கள் போட்டிருந்தார்கள். பல் டாக்டரும் மச்சானும் இன்னும் வந்து சேரவில்லை. பதினொரு பேர் படுத்த சிறிது நேரத்தில் தூங்கிப்போனார்கள். மண்டபம் முழுக்க மீட்டர்கள் டிக் டிக் என்று ஓடின. பன்னிரண்டாவது கட்டிலில் அம்சவேணி கண்ணை அகலத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூங்கக் கூடாது என்றில்லை. தூக்கம் எப்படி வரும்? சூரத்திலா இருக்கிறான், வேறெங்காவதா? எவள் ஆக்கிப் போடுகிறாள்? தலையில் முடி இருக்கிறதா? எட்டு நாள் என்று சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது? இத்தனை வருடம் இருக்கிறானா என்ற ஒரே கேள்விதான் புரட்டியது. இப்போது ஒன்று போய் நூறாயிற்று. இடப்பக்கம் புரண்டாள், வலப்பக்கம் புரண்டாள், எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள், அவனைக் கேட்க வேண்டியதையெல்லாம் விரல்விட்டு எண்ணி, விரல் போதாமல் மறுபடி எண்ணினாள். மீட்டர் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. கிட்டுசாமி ஒவ்வொரு கட்டிலாக வந்து மீட்டரைக் குறித்துக்கொண்டார். அம்சவேணியின் கட்டிலருகே வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு சொட்டும் ஊத்துல."

"தூக்கமே வரலீங்கண்ணா."

"டேங்கு காலியா இருக்குது."

"இருக்குதுங்க."

"அது வேற. ஊத்துனதுதான் குடிச்சது. விதியில அப்படித்தான் இருக்குது." அவர் காகிதத்தில் நூற்றுப்பன்னிரண்டை எழுதி, பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்து, டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை வகுக்க முடியாது, அளவில்லை என்று எழுதுங்கள் என்றார். கிட்டுசாமி அப்படியே எழுதினார். பதினொரு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கை தட்டினார்கள். நட்புமுறைப் போட்டி என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

முதல் பரிசு வழக்கம்போல் ஓடிய பாதைதான்; ஜெயித்தவர் வேண்டிய இடத்தில் விரித்துக்கொள்ளலாம். கழகத்து ஆட்கள் பத்துப் பேர் சின்னமடைக்குப் போய், தார்ப்பாதையை அந்த முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். ஐம்பத்தாறு கிலோமீட்டரும் ஒரு சுருளாக வந்தது. சுருட்டும்போது உதிர்ந்த மைல்கற்களைச் சாக்கில் அள்ளிப் பின்சீட்டில் வைத்தார்கள். சுருளை வெள்ளைக் காரின் கேரியரில் ஏற்றியதும் ஸ்பிரிங் ஒரு சாண் இறங்கியது.

"எங்க விரிக்கோணும் அம்மிணி?" என்று கிட்டுசாமி கேட்டார். "ஆளுக அனுப்பறன்."

"எங்க வாசல்ல இருந்துங்க. வடக்க, சூரத்தைப் பாத்து."

அவர் குறித்துக்கொண்டார்.

அம்சவேணி சுருளைக் கட்டக் கொடுத்த கயிற்றின் முனையைக் கையில் சுற்றி அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். "அண்ணா, அதை ஒருவழிப் பாதையா விரிச்சுக் குடுக்க முடியுங்களா?"

"முடியும். எந்தப் பக்கம்?"

"போறதுக்கு மட்டும்."

"யாராச்சும் அங்கிருந்து உங்கூட்டுக்கு வரோணும்னா?"

"வேற வழி பாத்துக்கட்டுமுங்க."

கிட்டுசாமி அதையும் குறித்துக்கொண்டார். பிறகு, சுருளுக்குள் இன்னும் இரண்டு வண்டிகள் இருக்கின்றன, இரண்டும் இந்தப் பக்கம் பார்த்து வந்துகொண்டிருக்கும் என்று நினைவுபடுத்தினார். சுருளின் வாயில் காது வைத்துக் கேட்டால் இரண்டு இஞ்சின்கள் மிக மெல்ல ஓடுவது கேட்டது.

"திருப்பிக்கச் சொல்லுங்க," என்றாள் அம்சவேணி.

பல் டாக்டரின் மனைவி மத்தியானத்திலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "அப்பன்னா நான் இதை மறுகோடிக்கே கொண்டு போயிடறனுங்க. ரசம் ஆறிடும்," என்று சொல்லிவிட்டு வடக்குத் திசையில் நடந்தாள்.

பாதையின் நடுவில் போட்டிருந்த வெள்ளைக்கோடு சுருளுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அம்சவேணி அதை உள்ளே மடித்துவிட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.